வீட்டுக்காரர் சொல்லிவிட்டார்

தியாகதுருகத்தில் எங்கள் வீட்டின் பக்கத்துப் போர்ஷனை ஒரு கிராம சேவிகாவுக்கு வாடகைக்கு விட்டிருந்தேன். ஊர் ஊராகப் போய்ப் புகையில்லா அடுப்பு போட்டுக் கொடுப்பது அவர் வேலை. ஒல்லியான உடம்பு, எப்போதும் சிவந்த கண்கள். யார் வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் கூரையை அண்ணாந்து பார்ப்பார், பிறகுதான் மனிதர்களை. சுவரில் விரலைத் தேய்த்துக் கரியைக் காட்டி, "இதான் உங்க நெஞ்சுலயும் படியுதுங்க" என்பார். அதைக் கேட்டுத் தெருவிலேயே முதல் ஆளாகக் கூரை ஓட்டைப் பிரித்துப் புகைக்குழாய் வைத்தவன் நான்.

இடஒதுக்கீட்டுப் போராட்டத்தில் ரோடெல்லாம் மரத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள். பஸ் இல்லாததால் அவர் நாள் முழுக்க வீட்டிலேயே இருந்து மூன்று வேளையும் சமைத்தார். எங்களுக்கு நடுவிலிருந்த சுவர் கூரைவரை எழுப்பாதது. அவர் அடுப்புப் புகையெல்லாம் எங்கள் புகையில்லாத சமையலறைக்கு வந்தது. மனைவி இருமத் தொடங்கியதும் போய்க் கதவைத் தட்டினேன்.

"ஊருக்கே போட்டுக் குடுக்கறீங்க. உங்க வூட்டுல ஏன் போட்டுக்கல?"

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வழக்கம்போல் கூரையைப் பார்த்தார்.

"ஆசதாங்க. ஓட்டுல கை வெக்கக் கூடாதுன்னு வூட்டுக்காரரு சொல்லிட்டாருங்க. மழைல ஒழுவுமாம்."

குடிவந்த அன்று நான் சொன்னதுதான். மறந்தே போயிருந்தேன்.

"நல்ல மனுஷருதாங்க. யாராச்சும் எடுத்துச் சொன்னா கேப்பாரு."

முகத்தில் சிரிப்பே இல்லை.

"நான் பேசிப் பாக்கறேங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

கேலி செய்தாரா, மரியாதைக்குச் சொன்னாரா என்று இன்றும் தெரியவில்லை. அவர் மாற்றலாகிப் போகும்வரை நான் அந்த வீட்டுக்காரரிடம் பேசவேயில்லை.