அண்ணன் வாங்கிய டிவி, நான் வைத்த சத்தம்

ஆந்திர எல்லையில் இருக்கிற நகரியில், எங்கள் தெருவில் பிறந்தவர்கள் யாரும் மெதுவாகப் பேச மாட்டார்கள். தெருவின் இரண்டு பக்கமும் பவர்லூம். விடிந்ததும் தொடங்கும் தறிச் சத்தம் கரண்டு போனால்தான் நிற்கும். எங்கள் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். அவர் அந்தத் தறிகளுக்கு நடுவே நின்றே தன் காலத்தைக் கழித்தவர். வயதாகித் தறியை விட்டு வீட்டில் உட்கார்ந்தபோது அவருக்குக் காது பாதிதான் கேட்டது. ஆனால் மந்தம் என்று யாராவது சொல்லிவிட்டால் கோபம் வரும். "எனக்கெல்லாம் நல்லாத்தான் கேக்குது. நீங்கதான் வாய்க்குள்ளயே பேசறீங்க" என்பார்.

அம்மா போன பிறகு நைனா அந்த வீட்டில் தனியாகத்தான் இருந்தார். என்னைக் கட்டிக்கொடுத்தது அடுத்த தெருவில். நான் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். காலையில் பள்ளிக்குப் போகும் வழியில் அவருக்கு டிபன் கொடுத்துவிட்டுப் போவேன். சாயங்காலம் வந்து சமைத்து வைத்துவிட்டு, அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை கூட உட்கார்ந்திருப்பேன். அண்ணன் தன் மனைவியோடு பெங்களூரில். திருப்பதியில் என்ஜினீயரிங் படித்து முடித்த கையோடு கம்ப்யூட்டர் வேலைக்குப் போனவன். அந்த வருஷங்களில் எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவர் அப்படிப் பெங்களூருக்கோ சென்னைக்கோ போய்க்கொண்டிருந்தார்கள். போனவர்களைப் பற்றித்தான் தெருவில் பேச்சு. இருந்தவர்களைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது?

எங்கள் பழைய டிவி, பின்பக்கம் கூனல் விழுந்தது போலப் புடைத்துக்கொண்டு நிற்கும் பெட்டி டிவி. ஒரு நாள் அதில் படம் சுருங்கி, நடுவில் ஒரே ஒரு வெள்ளைக் கோடாக நின்றது. மறுநாள் கோடும் போய்விட்டது. மெக்கானிக் வந்து பின்மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, இந்த மாடலுக்கு இனிமேல் சாமான் கிடைக்காது என்று மூடிவிட்டார். நைனா நாள் முழுக்க வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

புது டிவி நான்தான் வாங்கித் தருவதாக இருந்தேன். சம்பளத்தில் கொஞ்சம் ஒதுக்கி வைத்திருந்தேன். "ஞாயித்துக்கெழம திருப்பதிக்குப் போலாம் நைனா, நீயே பாத்து எடு" என்று சொல்லியும் வைத்தேன். அவரும் சரி என்றார். ஆனால் அன்று அண்ணன் போன் செய்தபோது, டிவி ரிப்பேர் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

சனிக்கிழமையே வண்டி வந்துவிட்டது. திருப்பதி ஷோரூமிலிருந்து இரண்டு பேர் தெலுங்கில் நைனா பெயரைச் சொல்லி விசாரித்துக்கொண்டு வந்தார்கள். ஜன்னல் அகலத்துக்கு ஒரு அட்டைப்பெட்டி. அதற்குள்ளே பலகை போலத் தட்டையாக ஒரு டிவி. நைனா துவைத்த சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு, கல்யாண வீட்டுக்காரர் போல வாசலில் நின்றார். தெருவே கூடிவிட்டது. எதிர்வீட்டில் தறி ஓட்டும் மாமா, ஓடுகிற தறியை நிறுத்திவிட்டு வந்தார்.

"எம் புள்ள பெங்களூர்ல குந்திக்கினு பட்டனத் தட்னான். திருப்பதிலேர்ந்து வண்டி வந்து நிக்குது பாரு!" என்றார் நைனா.

அதை அன்று எத்தனை பேரிடம் சொன்னார் என்று எனக்குத் தெரியாது. நான் உள்ளே அந்த இரண்டு பேருக்கும் டீ போட்டுக்கொண்டிருந்தேன். அவன் ஒரு பட்டனைத் தட்டினான். நான் இந்த வீட்டுக்கு நடந்த நடைக்கு ஒரு பேச்சும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை திருப்பதிக்குப் போகலாம் என்று நான் சொன்னது அவருக்கு நினைவில்கூட இருந்ததாகத் தெரியவில்லை.

டிவியைச் சுவரில் மாட்டினார்கள். படம் கண்ணாடி மாதிரி இருந்தது. செய்தி வாசிக்கிற பெண்ணின் காதுத் தோட்டில் எத்தனை கல் என்று எண்ணிவிடலாம். ஆனால் சத்தம்? அவ்வளவு பெரிய டிவிக்குள்ளிருந்து டப்பாவில் அடைத்த வண்டு மாதிரி ஏதோ முனகியது. மெலிசாகச் செய்கிறோம் என்று ஸ்பீக்கரை அடியில் எங்கோ சின்னதாக வைத்துவிட்டார்கள் போல. கூட்டி வைத்தால் இரைச்சல்தான் அதிகமானது, பேச்சு தெளியவில்லை. போதாததற்கு வீடு முழுக்க வெறும் சிமென்ட் சுவர், மொசைக் தரை. ஒவ்வொரு வார்த்தையும் சுவரில் முட்டி இன்னொரு வார்த்தையின் மேல் விழுந்தது.

நைனாவுக்கு ஒன்றுமே கேட்கவில்லை என்பது எனக்கு முதல் நாளே தெரிந்துவிட்டது. பக்கத்தில் இருப்பவர்கள் சிரித்தால் அவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, கொஞ்சம் தாமதமாக அவரும் சிரிப்பார். நாற்காலியைத் தினமும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டார். கடைசியில் சுவருக்குக் கீழேயே போய் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு அது சந்தோஷமாக இருந்தது. இன்றைக்குச் சொல்வார், நாளைக்குச் சொல்வார், இந்த டிவி நல்லா இல்லை பாப்பா என்று வாயைத் திறப்பார் என்று காத்திருந்தேன். அவர் சொல்லவில்லை. அண்ணன் போன் செய்து கேட்டபோது, "சினிமா கொட்டாய் மாதிரி கீதுப்பா!" என்று கத்தினார். கழுத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டே சொன்னார்.

கழுத்து வலிக்குத் தைலம் தேய்த்துவிட வேண்டியது நான்தானே. ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறித் தனியாகத் திருப்பதிக்குப் போனேன். பெரிய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்பீக்கர் கடை. அண்ணன் அனுப்பிய டிவியின் அளவுக்குத் தக்கதாக நான் ஒன்று வாங்காமல் திரும்புவதில்லை என்ற வீம்பு எனக்கு.

கடைக்காரர் ஒரு குத்துப் பாட்டைப் போட்டார். கடைக் கண்ணாடி அதிர்ந்தது. "பேஸ் எப்படி இருக்கு பாருங்க மேடம்!" என்றார்.

"பாட்டு வேணாம். நியூஸ் போடுங்க."

"நியூஸா?"

"எங்க நைனாவுக்குப் பேச்சுதான் கேக்கணும். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம்."

பிறகு நான் செய்ததைப் பார்த்து அவர் சிரித்துவிட்டார். கைப்பையில் கொண்டுபோயிருந்த பஞ்சை இரண்டு காதிலும் அடைத்துக்கொண்டேன். அடைத்துக்கொண்டு ஒவ்வொரு ஸ்பீக்கராகக் கேட்டேன். கண்ணாடியை அதிரவைத்ததில் வெறும் தும்தும் என்று கேட்டது, ஒரு வார்த்தை புரியவில்லை. ஓரத்தில் கிடந்த, பார்வைக்கு ஒன்றுமில்லாத ஒரு ஜோடி மரப்பெட்டியில்தான் செய்தி வாசிப்பவர் சொல்கிற ஒவ்வொரு சொல்லும் பஞ்சைத் தாண்டி உள்ளே வந்தது. அதையே எடுத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து நானே மாட்டினேன். டிவிக்குப் பின்னாலிருந்து சிவப்பு, வெள்ளை ஒயரை நீளமாக இழுத்து, பெட்டி இரண்டையும் டிவிக்குக் கீழே வைக்காமல், நைனாவின் நாற்காலிக்கு இரண்டு பக்கமும் அவர் காது உயரத்துக்கு ஸ்டூல் போட்டு வைத்தேன். பேஸைக் குறைத்தேன். எதிரே இருந்த வெறும் சுவரில் கெட்டியான ஜமக்காளம் ஒன்றைத் தொங்கவிட்டேன். தரையில் பாய் விரித்தேன். முட்டிக்கொண்டு நின்ற எதிரொலி அடங்கிவிட்டது.

விவசாய நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது. நைனா சட்டென்று வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"யாரு வூட்டுக் கன்னுக்குட்டி அது, கத்துது?"

"டிவில நைனா."

அவர் டிவியைப் பார்த்தார். கன்றுக்குட்டி மறுபடி கத்தியது. வாய் திறந்து, குழந்தை போலச் சிரித்தார். அன்று நாற்காலியைப் பின்னால் தள்ளிப் போட்டு, சாய்ந்து உட்கார்ந்து பார்த்தார். எனக்குத் திருப்பதி மலைக்கு நடந்தே போய்ச் சாமி பார்த்துவிட்டு வந்தது மாதிரி இருந்தது.

மறுநாள் காலை நான் டிபனோடு போனபோது எதிர்வீட்டு மாமா வாசலில் நின்றுகொண்டிருந்தார். நைனா அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்:

"எம் புள்ள வாங்கின டிவி, ஓட ஓட சவுண்டு தானா வந்துடுச்சு பாரு. புதுச் செருப்பு மாதிரி. மொதல்ல கடிக்கும், அப்புறம் சரியாப் பூடும்."

டிபன் டப்பாவை மேஜை மேல் வைத்த வேகத்தில் மூடி எகிறிக் கீழே விழுந்தது. நைனா திரும்பிப் பார்த்து, "மெதுவா பாப்பா" என்றார். நான் பள்ளிக்குப் போய்விட்டேன். அன்று பிள்ளைகளுக்கு மூன்று கணக்குத் தப்பாகப் போட்டேன்.

பொங்கலுக்கு அண்ணன் மட்டும் லீவில் வந்தான். வந்ததும் டிவியைப் பார்த்து, "நெறைய விசாரிச்சுத்தான் வாங்கினேன், சவுண்டு எப்படி இருக்கு பாத்தியா?" என்றான் என்னிடமே. பதில் சொல்வதற்குள், தன் லேப்டாப்புக்கு பிளக் வேண்டும் என்று ஸ்பீக்கரின் பிளக்கைப் பிடுங்கிவிட்டான். அது எதற்கு என்று அவன் கேட்கவும் இல்லை. டிவி பழையபடி வண்டாக மாறியது. நைனா பிள்ளையைப் பார்த்தார், டிவியைப் பார்த்தார், நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

பெங்களூருக்குப் போன பிறகு அண்ணனின் குரல் இறங்கிவிட்டிருந்தது. ஆபீசில் பேசிப் பேசி மெல்லிசாகப் பேசப் பழகிவிட்டான். அவன் சொல்வது ஒன்றும் நைனாவுக்குப் பிடிபடவில்லை. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் என் பக்கம் திரும்பி, "என்னா சொல்றான்?" என்பார். எனக்குத் தெருக்குரல், போதாததற்கு டீச்சர் குரல். நான் எடுத்துச் சொல்வேன். அண்ணனுக்கு முகம் சுண்டிவிடும். "இவ்ளோ மந்தமா ஆயிடுச்சா? போன்ல நல்லாத்தானே பேசினாரு" என்றான். போனில் நைனாதான் பேசுவார், அவன் பேசுவதை அவர் கேட்டதில்லை என்று சொல்ல நினைத்தேன். அந்த நான்கு நாளும் அண்ணன் நைனாவிடம் பேசிய எல்லாமே என் வழியாகத்தான் போயிற்று. எனக்கு அது வேண்டித்தான் இருந்தது.

கிளம்புகிற நாளுக்கு முதல் நாள், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அண்ணன் தலையைக் குனிந்தபடியே சொன்னான். "நைனா, எங்கூட வந்துடறியா? அங்கயே இருக்கலாம்."

நைனா என்னைப் பார்த்தார். "என்னா சொல்றான்?"

கையில் கரண்டி இருந்தது. அதைச் சட்டியில் வைத்தேன். வேறு எதையாவது சொல்லியிருந்தாலும் நைனாவுக்குத் தெரிந்திருக்காது. அண்ணன் நிமிர்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவன்கூட பெங்களூருக்கு வந்துடறியான்னு கேக்கறான் நைனா!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னேன்.

நைனா ஒரு வாய் சோற்றை மென்று விழுங்கினார். "போய்த்தான் பாக்கலாமே" என்றார். உடனே சொல்லிவிட்டார். யோசிக்கக்கூட இல்லை.

அவர் போன பிறகும் சாயங்காலம் பள்ளி விட்டதும் கால் பழைய வீட்டுக்குத்தான் போகும். பூட்டைத் திறந்து பெருக்கிவிட்டு, அவருடைய நாற்காலியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பேன். பெங்களூரில் அண்ணன் மனைவி என்ன சமைத்துப் போடுகிறாள், அவர் யாரிடம் "என்னா சொல்றான்?" என்று கேட்கிறார் என்றெல்லாம் யோசித்துக்கொண்டிருப்பேன். போன் செய்தால், "நல்லாக் கீறேன், நல்லாக் கீறேன்" என்று அவர் பாட்டுக்குப் பேசிவிட்டு வைத்துவிடுவார்.

ஊர் ஞாபகமாகவே இருக்கிறது என்று மழைக்காலம் முடிந்து திரும்பி வந்தார். பஸ் ஸ்டாண்டுக்கு நான்தான் போனேன். "துன்னுட்டுத்தான் ஏறினியா நைனா?" என்று எப்போதும் போலக் கேட்டேன். அவர் திடுக்கிட்டுக் கையைக் காதுக்குக் கொண்டுபோனார்.

"ஏம்மா இப்பிடிக் கத்தற? எல்லாரும் பாக்கறாங்க."

காதுக்குப் பின்னால் தோல் நிறத்தில் சின்னதாக ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. அண்ணன் வாங்கிக் கொடுத்த காது மிஷின். அவர் பையை வாங்கி ஆட்டோவில் வைத்தேன். என் குரல் ஒன்றுதான் அவனிடம் இல்லாமல் என்னிடம் இருந்தது. அதையும் வேண்டாமென்று ஆக்கிவிட்டான் என்று தோன்றியது.

ஆட்டோ எங்கள் தெருவில் திரும்பியதும் நைனா முகம் கோணியது. இரண்டு பக்கத் தறியும் ஒரேயடியாக அந்த மிஷின் வழியாக உள்ளே புகுந்துவிட்டது. "அய்யோ, இந்த இரைச்சல்லயா இத்தன நாள் கெடந்தோம்!" என்று அதைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வீட்டுக்குள் நுழைந்ததும் நாற்காலியில் சாய்ந்து, "அந்தப் பொட்டியப் போடு பாப்பா" என்றார். நான் பிளக்கைச் செருகினேன்.

சாயங்காலம் எதிர்வீட்டு மாமா பார்க்க வந்தார். நைனா பையிலிருந்து மிஷினை எடுத்துக் காட்டி, அதன் பெருமையெல்லாம் சொன்னார். மாமா நாற்காலிக்குப் பக்கத்திலிருந்த மரப்பெட்டியைத் தட்டிப் பார்த்து, "இதுவும் புள்ள வாங்கினதா?" என்று கேட்டார்.

"இல்ல. இது பாப்பா எங்கேர்ந்தோ கொணாந்து வச்சா" என்றார் நைனா. தானும் அதை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, "நல்லாத்தான் கீது" என்றார்.

அவருக்கு எல்லாம் தெரிந்துதான் இருந்திருக்கிறது. செருப்புக் கதை சொன்ன அன்றும் தெரிந்துதான் இருந்திருக்கும். அடுப்படியில் நின்றபடி, இன்னும் ஏதாவது சொல்வாரா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். அதற்குள் போன் அடித்தது. அண்ணன். நைனா அவசர அவசரமாக மிஷினை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டார். "சொல்லுப்பா, சொல்லு, நல்லாக் கேக்குது" என்று போனோடு உள்ளறைக்குப் போனார்.

அவன் பேசுவது அவருக்குக் கேட்கட்டும் என்று நான் வந்து டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு நின்றேன். வெகுநேரம் பேசினார்கள்.