சிவந்த லாடமும் ஒரு வாளித் தண்ணீரும்

லாடம் அடிக்கிற தொழிலில் உலைச் சூட்டைத் தாங்கிவிடலாம், பக்கத்தில் நின்று "ஆச்சா, ஆச்சா" என்பவரைத் தாங்குவதுதான் கஷ்டம். வேலை பார்க்கும்போது தலைக்கு மேல் ஆள் நிற்கிற எல்லோருக்கும் இது புரியும்.

புகை

மைதீன் கடையநல்லூர்க்காரர். துபாயில் லாரி ஓட்டிவிட்டு வந்து, ஆசைக்கு ஒரு பந்தயக் குதிரை வாங்கியவர். முதல் தடவை சங்கரன்கோவிலில் என் பட்டறைக்கு வந்தபோது, சூடான லாடத்தைக் குளம்பில் வைத்து அளவு பார்த்தேன். குளம்பின் ஓடு நம் நகம் மாதிரி, வலி தெரியாது. ஆனால் புகை குப்பென்று கிளம்பும், முடி கருகுகிற வாடை வரும். மனிதர் பதறி என் சட்டையைப் பிடித்து இழுத்தார். குதிரையோ வாலை ஆட்டிக்கொண்டு நின்றது. அதைப் பார்த்துவிட்டுக் கையை எடுத்தார்.

"குதிரை சும்மா நிக்கு அண்ணாச்சி. எனக்குல்லா காலு எரியுது."

வாளி

லாரியின் பழைய ஸ்பிரிங் பட்டையில் லாடம் செய்தால் சீக்கிரம் தேயாது. ஆனால் அந்த இரும்பைச் சிவக்கச் சிவக்கத் தண்ணீரில் போட்டால் விறைத்து, அடி பட்டதும் உடைந்துவிடும். தெரிந்தும் அன்றைக்கு அப்படிப் போட்டேன். மறுநாள் சிவகிரியில் பந்தயம், மைதீன் குதிரையை ஏற்றி வந்த வண்டியின் இன்ஜினை அணைக்காமலே நின்று அரித்தெடுத்தார்.

அன்று சாயங்காலமே ஓட்டிப் பார்க்கையில் ஒரு லாடம் இரண்டாக உடைந்தது. தொங்கிய துண்டு பக்கத்துக் காலைக் கிழித்துவிட்டது. போன் வந்ததும் பைக்கை எடுத்துக்கொண்டு ஓடினேன். குதிரை அந்தக் காலை ஊன்றவில்லை. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அவசரப்படுத்தியது அவர்தான், ஆனால் வாளியில் போட்ட கை என்னுடையது. அதை அவரிடமே சொன்னேன். அவர் கட்டுப் போட்டபடியே கேட்டார்.

"ரேஸு போனா போவுது. காலு போயிருந்தா என்ன அண்ணாச்சி செய்வோம்?"

சாம்பல்

காயம் ஆறி, சிவகிரியில் அடுத்த பந்தயத்துக்கு முந்தின நாள் திரும்ப வந்தார். மனிதர் மாறவில்லை. அளவு பார்த்த நாலு லாடத்தையும் சாம்பலில் புதைத்துவிட்டு, மெதுவாக ஆறினால்தான் உடையாது, மூன்று மணி நேரமாவது ஆகும் என்றேன். பேர் கொடுக்க நேரமாகிறது, வாளியில் போடுங்கள் என்றார். வாளியைத் தூக்கித் தண்ணீரைத் தெருவில் கொட்டினேன். வேறு ஆளிடம் போகிறேன் என்று கயிற்றை அவிழ்த்தார். தாராளமாகப் போங்கள், இந்தக் குதிரைக்கு இன்னொரு தடவை அதைச் செய்ய மாட்டேன் என்றேன். நான் இடத்தை விட்டு நகரவில்லை.

அவர் குதிரையின் காலிலிருந்த தழும்பைப் பார்த்துவிட்டுக் கயிற்றைத் திரும்பக் கட்டினார். பிறகு வண்டியை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். இரும்பு கை பொறுக்கும் பதத்துக்கு வந்த பிறகே ஆணியை எடுத்தேன். மறுநாள் மத்தியானம் சிவகிரியிலிருந்து போன் வந்தது.

"மூணாவதுதான் வந்தோம் அண்ணாச்சி. ஆனா நாலு லாடமும் அப்படியே இருக்கு."

இரும்பை ஆற வைக்க ஒரு குவியல் சாம்பல் போதும், குதிரைக்காரரை உட்கார வைக்கத்தான் எங்களுக்கு ஒரு முழுப் பந்தயம் செலவானது.