ஆட்டு வால் கட்டிய தூண்டில்

எங்கள் வீட்டில் மான் என்ற சொல் புழங்கியதே இல்லை. மான் என்பது பள்ளிக்கூடச் சுவரில் புலிக்குப் பக்கத்தில் புள்ளி புள்ளியாக நிற்கும் ஒரு படம், அவ்வளவுதான். எங்கள் காட்டில் இருந்தது கேளையாடு. செம்பழுப்பாக, வெள்ளாட்டை விடக் கொஞ்சம் உயரமாக இருக்கும். பயந்தால் நாய் மாதிரி குரைக்கும். அதைச் சுருக்கமாக ஆடு என்போம். அப்பா வலையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினால் அதற்கு 'ஆட்டுக்குப் போறது' என்று பெயர். அந்த ஆடு ஒரு ஜாதி மான் என்றோ, அதைப் பிடித்தால் ஜெயில் என்றோ நாலாம் வகுப்புப் படித்த எனக்கு யாரும் சொல்லவில்லை.

அப்பாவுக்கு நன்றாகத் தெரியும். நான் பிறப்பதற்கு முன்னால் ஒரு முறை பிடிபட்டு, மலைக்குக் கீழே நாமக்கல் வரைக்கும் போய் வந்தவர். "இன்னொருக்கா மாட்டுனா உள்ளயே வெச்சிருவாங்க. அப்புறம் இந்தப் புள்ளைக்கு யாரு இருக்கறா?" என்று அம்மா அடிக்கடி சொல்லுவாள். எதற்கு உள்ளே வைப்பார்கள் என்று நான் கேட்டால், "நீ வாய மூடு சாமி" என்பாள். அதனால் உள்ளே வைப்பது என்றால் ஏதோ பெரியவர்களுக்கு வரும் நோய் என்று நான் முடிவு செய்து வைத்திருந்தேன்.

இந்த நிலைமையில்தான் எங்களுக்கு அடுத்த வீட்டில் ஒரு வனக்காவலர் குடிவந்தார். எங்கள் மலையின் எடப்புளி நாட்டில் எத்தனையோ ஊர் இருக்க, எங்கள் ஊரில் எத்தனையோ வீடு இருக்க, அவருக்கு வாடகைக்குக் கிடைத்தது எங்கள் சுவரை ஒட்டிய வீடுதான். ஊரே அவரை கார்டு சார் என்றது. தெற்கே கடற்கரையில் பிறந்த கிறிஸ்தவர். வயது இருபத்தைந்து இருக்கும். பட்டப்பகலிலும் கழுத்தில் மப்ளர் சுற்றியிருப்பார். அப்பாவை அவர் "அண்ணாச்சி" என்று கூப்பிட்டதும் அப்பாவுக்குக் குழப்பமாகிவிட்டது. எங்கள் பக்கத்தில் அண்ணாச்சி என்றால் மளிகைக்கடைக்காரர்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கார்டு சார் செம்மேட்டுக்கு ஜெபத்துக்குப் போவார். பஸ் வளைவில் மறைந்ததும் அப்பா ஆட்டுக்குப் போவார். இரண்டு பேருடைய பக்தியும் தவறாமல் நடந்துகொண்டிருந்தது.

கார்டு சாரிடம் எனக்குப் பிடித்தது அவருடைய செல்போன். அதில் கடல் இருந்தது. அவருடைய அண்ணன் படகின் இரண்டு பக்கமும் கழிகளை நீட்டி, அவற்றில் தூண்டில் கயிற்றைக் கட்டிப் பின்னால் இழுத்துக்கொண்டே போவார். தூண்டிலில் புழு இருக்காது. ஒரு கொத்து முடியோ இறகோ கட்டியிருக்கும். ஓடுகிற படகுக்குப் பின்னால் அது துடித்துக்கொண்டு வருவதைப் பார்த்து, குஞ்சு மீன் என்று நினைத்துப் பெரிய மீன் கவ்வும். அந்த வீடியோவை நான் நூறு தடவை பார்த்திருப்பேன். ஒவ்வொரு தடவையும் அவர் புதிதாகப் பார்ப்பது போலவே கூட உட்கார்ந்து பார்ப்பார்.

ஐப்பசிக் காற்றில் எங்கள் மிளகுத் தோட்டத்தில் ஒரு மலைவேம்பு சாய்ந்தது. பார்க்க வந்த கார்டு சார் மரத்தைத் தட்டிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார், பிறகு சொந்தக்காரரைக் கண்டுபிடித்தவர் போல் அதன்மேல் உட்கார்ந்துவிட்டார்.

"எங்க ஊர்க் கட்டுமரமெல்லாம் இந்த மரம்தான் அண்ணாச்சி. மலையில இருந்து லாரியில வரும்லா."

நம் மரம் கடலுக்குப் போகிறது என்று கேட்டதும் அப்பா மனசு இளகிவிட்டது. காக்கிச் சட்டையைக் கண்டால் வேறு வழியாகப் போகிறவர், அன்று மாலையே வாச்சியைத் தீட்டிக்கொண்டு வந்து மரத்தைச் செதுக்க ஆரம்பித்தார். ஊருக்குக் கீழே ஒரு சின்ன ஏரி உண்டு. யாரோ எப்போதோ விட்ட விரால் மீன்கள் அதில் பெருகிக் கிடந்தன. பிடிக்கத்தான் எங்களுக்குத் தெரியாது. மரத்தை மூன்று துண்டாக்கிச் சேர்த்துக் கட்டி, இரண்டு பக்கமும் மூங்கில் கழி நீட்டி, அந்த ஏரியில் ஒரு இழுவைத் தூண்டில் போடுவது என்று திட்டம். முதல் சவாரி எனக்கு என்று கார்டு சார் வாக்குக் கொடுத்திருந்தார்.

வேலை நடந்த நாட்களில் அவர் எங்கள் வீட்டுக்குள்ளும் வர ஆரம்பித்தார். ஒரு நாள் சுவரில் தொங்கிய வேட்டை வலையைப் பார்த்துவிட்டார். எத்தனையோ வருஷம் வலையோடு வளர்ந்தவர், வலைக்கண்ணை விரலால் அளந்து பார்த்து, "இந்தக் கண்ணுல என்ன மீன் நிக்கும் அண்ணாச்சி?" என்று கேட்டார்.

"மீனுக்கு இல்லீங்க சார். மரவள்ளிக் காட்டுக்குப் பன்னி வராம சுத்திக் கட்டறதுங்க" என்றார் அப்பா.

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. எங்கள் மரவள்ளிக்கு வலை கட்டி நான் பார்த்ததே இல்லை. சொல்ல வாயெடுத்தேன், அம்மா ஒரு உருண்டை வெல்லத்தை அதில் திணித்தாள்.

மார்கழிக் கடைசியில் தூண்டில் முள் வந்தது. "வெள்ளாட்டு முடி இருந்தா கொஞ்சம் கொண்டா பிள்ள" என்று கார்டு சார் கேட்டார். வெள்ளாட்டுக்கு எங்கே போவது? திரிகையில் ஒட்டிய கேழ்வரகு மாவைத் தட்ட அம்மா ஒரு ஆட்டு வால் வைத்திருந்தாள். மேலே செம்பட்டை, அடியில் வெள்ளை. அதைவிட நல்ல முடி உலகத்தில் கிடையாது. அம்மா தண்ணீருக்குப் போன நேரம் பார்த்து எடுத்துக்கொண்டு ஓடினேன்.

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது என்ன ஆடு பிள்ள?"

"கேளையாடுங்க சார்."

"யாரு வளக்கா?"

"யாரும் வளக்கறதில்லீங்க. அது பாட்டுக்குக் காட்டுல இருக்கும். அப்பா போய்ப் புடிச்சாருவாரு."

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். எனக்குக் கொஞ்சம் அலட்சியமாகக்கூட இருந்தது; இத்தனை பெரிய ஆளுக்குக் கேளையாடு தெரியவில்லையே. பிறகு கத்தரிக்கோலை எடுத்து வாலில் ஒரு முடி விடாமல் கத்தரித்தார். மிஞ்சிய தோலையும் எலும்பையும் அடுப்பில் போட்டார். முடியைக் கொத்துக் கொத்தாக முள்ளில் கட்டிச் சிவப்பு நூலைச் சுற்றினார்.

"இந்த ஆட்டப் பத்தி வேற ஒருத்தர்ட்டயும் சொல்லப்பிடாது. இது நம்ம தொழில் ரகசியம்" என்றார்.

ரகசியம் எனக்குச் சாயங்காலம் வரைக்கும் தாங்கியது. திரிகைக்குப் பக்கத்தில் அம்மா வாலைத் தேடியபோது பெருமையாகச் சொல்லிவிட்டேன். அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அதற்குமுன் அவள் என்னை அடித்ததில்லை. அன்றைக்கு அடித்தாள், அடித்துவிட்டு அவளே அழுதாள். அப்பா இரண்டு நாள் சாப்பிடவில்லை. ஒவ்வொரு மோட்டார் சைக்கிள் சத்தத்துக்கும் எழுந்து நின்றார். நான் செய்த ஏதோ ஒன்றால் அப்பாவுக்கு அந்த உள்ளே வைக்கிற நோய் வரப்போகிறது என்று மட்டும் புரிந்தது.

ஒரு வாரம் ஆயிற்று. ஒன்றும் நடக்கவில்லை. கார்டு சார் எப்போதும் போல வந்தார், மரத்தைச் செதுக்கினார், அண்ணாச்சி என்றார். அப்பாவுக்கு மெல்ல மெல்ல உயிர் வந்தது. கடைசியில் சிரிப்பும் வந்தது.

"கடல்ல பொறந்தவருக்கு ஆடு எது மானு எதுன்னு என்ன தெரியும்? வெள்ளாட்டு வாலுன்னு நெனச்சுக்கிட்டாரு" என்றார் அம்மாவிடம். அவர் வாயிலிருந்து மான் என்ற சொல்லை நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

பொங்கல் முடிந்து வரும் முதல் ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர் ஆண்கள் சேர்ந்து ஆட்டுக்குப் போவது வழக்கம். வீட்டுக்கு ஒரு வலை. எல்லா வலைகளையும் ஒன்றோடொன்று முடிந்து, ஓடைக்குக் குறுக்கே கட்டி, நாய்களை விட்டு மேலிருந்து விரட்டுவார்கள். வலை கொண்டு வருபவனுக்குத்தான் பங்கு. வெறுங்கையோடு போய் நிற்பது பந்திக்கு அழையாமல் போனது மாதிரி; மானமுள்ள யாரும் போகமாட்டார்கள். அப்பா முந்தின நாளே வலையைப் பிரித்து, அறுந்த கண்ணெல்லாம் சரி செய்து, சுருட்டி வைத்திருந்தார்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் கார்டு சார் ஆபீசிலிருந்து வேகமாக வந்தார். மரத்தை மறுநாள் காலையிலேயே தண்ணீரில் விடவேண்டும் என்றார். புதுக்கயிறு ஊரிலிருந்து வரட்டும், மாசி பிறக்கட்டும் என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்தவர் அவர்தான்.

அப்பா நெளிந்தார். "நாளைக்கு ஒரு சோலி இருக்குதுங்க சார். அடுத்த வாரம் பாத்துக்கலாமுங்க."

"நீங்க வராட்டாலும் பரவாயில்ல அண்ணாச்சி. அந்தப் பன்னி வலைய மட்டும் தாருங்க. பெரிய மீன் வந்தா ஏத்தணும்லா."

பன்றிக்கு என்று சொன்னது அப்பாவே. மரவள்ளி பிடுங்கி ஒரு மாதம் ஆகிவிட்டது. காட்டில் காவல் காக்க ஒரு கிழங்குகூட இல்லை. சுருட்டி வைத்த வலை கதவோரத்தில் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி கிடந்தது. கார்டு சார் குனிந்து அதைத் தோளில் போட்டுக்கொண்டு, கண்ணெல்லாம் சரி செய்ததற்கு நன்றியும் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மாலை முழுவதும் அப்பா அவரைத் திட்டினார். "பெரிய மீனாம். ஏத்தோணுமாம். இந்தக் குட்டையில திமிங்கலமா இருக்குது?" வால் விவகாரத்துக்குப் பிறகு அடுத்த வீட்டுப் பக்கமே திரும்பாத அம்மா, என்ன நினைத்தாளோ, சாமைச் சோற்றில் மொச்சைக் குழம்பை ஊற்றி என்னை அவருக்குக் கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னாள்.

மறுநாள் விடியும்போது மூன்று பேரும் ஏரியில் இருந்தோம். வலையில்லாமல் வேறு எங்கும் போக முடியாததால் அப்பாவும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்திருந்தார். மேலே சரிவில் ஊர் நாய்களின் சத்தம் கேட்கக் கேட்க அவர் முகம் இன்னும் தொங்கியது. ஆனால் மரம் மிதந்தது. அது மிதந்த மாதிரியை நான் எப்படிச் சொல்ல? எங்கள் தோட்டத்து மரத்தின்மேல், எங்கள் அப்பா போட்ட முடிச்சின்மேல் நான் உட்கார்ந்திருக்கிறேன், கீழே தண்ணீர் போகிறது. கார்டு சார் பிளந்த மூங்கிலால் இரண்டு பக்கமும் மாற்றி மாற்றித் துழாவினார். பின்னால் இரண்டு கயிற்றிலும் ஆட்டு முடி துடித்துக்கொண்டு வந்தது.

மூன்றாவது சுற்றில் வலது கழி வில்லாக வளைந்தது. கயிற்றைப் பிடித்தது அப்பா. ஒரு முழ நீள விரால். அதைக் கண்டதும் அப்பா எல்லாவற்றையும் மறந்தார். "விடாதீங்க சார், வலையப் போடுங்க" என்று குதித்ததில் மரமே ஆடியது. வேட்டை வலையில் முதல் முதலாக ஒரு மீன் ஏறியது. பத்து நிமிஷத்தில் இன்னொன்று.

அப்போதுதான் ஜீப் வந்தது. மேல் ரோட்டிலிருந்து இறங்கி ஏரிக்கரையில் நின்றது. பின்னால் எங்கள் ஊர்க்காரர்கள் நான்கு பேர் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். கூரைமேல் வலைகள் குவிந்து கிடந்தன. முன்னாலிருந்து ஒரு பெரிய அதிகாரி இறங்கினார்.

"காய்ச்சல்னு லீவு சொன்னியேப்பா?" என்றார் கார்டு சாரைப் பார்த்து.

"இப்பத்தான் சார் விட்டுது."

முந்தின நாள் அவருக்குக் காய்ச்சலே இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் பள்ளிக்கூடத்துக்கு நானும் அதையே சொல்வதால் பேசாமல் இருந்தேன்.

"இந்த ஆளு யாரு?"

"மரம் கட்ட ஒத்தாசைக்கு வந்தவரு சார். விடியறதுக்கு முந்தியே இங்கதான் இருக்காரு."

அதிகாரியின் கண் வலைமேல் விழுந்தது. அப்பா கல்லாகிவிட்டார். அதிகாரி அவரைக் கேட்கவில்லை, என்னைக் கேட்டார்.

"பாப்பா, இந்த வலையில என்ன புடிப்பீங்க?"

பன்றி என்று சொல்வதா, ஆடு என்று சொல்வதா, தொழில் ரகசியமா என்று எனக்கு ஒன்றும் ஓடவில்லை. கையில் இருந்ததைச் சொன்னேன். "மீனுங்க சார். ரெண்டு" என்று இரண்டையும் செவுளைப் பிடித்துத் தூக்கிக் காட்டினேன். அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காய்ச்சல் விட்டவனுக்கு நாளைக்கு ஆபீசில் மெமோ இருக்கிறது என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

அப்பாதான் காட்டிக்கொடுத்தார் என்று ஊரில் கொஞ்ச நாள் பேச்சிருந்தது. நான்கு பேரையும் வெளியே எடுக்க அவர்தான் பஸ் ஏறி அலைந்தார், பேச்சு அடங்கியது. அதற்குப் பிறகு அவர் ஆட்டுக்குப் போகவில்லை. இன்றைக்கு அந்த ஏரியில் நான்கு கட்டுமரம் இருக்கிறது, நான்கும் அவர் கட்டியது. அன்று ஜீப்பில் போனவர்களில் இரண்டு பேர் இப்போது அவரோடு மீன் பிடிக்கிறார்கள்.

ஆனால் அன்று, ஜீப் வளைவில் மறைந்ததும் கார்டு சார் மூங்கிலைக் கீழே வைத்தார். அவர் கை நடுங்கியது. சும்மா நடுங்கவில்லை, பிடித்து நிறுத்த முடியாமல் நடுங்கியது. அப்பா அவரையே வெகுநேரம் பார்த்தார். தன் துண்டை எடுத்து அவர் தோளைச் சுற்றிப் போர்த்திவிட்டு, "குளுருதா தம்பி?" என்றார். அதுவரை சார் தவிர வேறு சொல்லில் அவரை அழைத்ததில்லை. அப்பாவுக்கும் கண் கலங்கியிருந்தது.

எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. கடலில் பிறந்து வளர்ந்த மனிதர், பாவம், எங்கள் ஏரிக்குப் பயப்படுகிறார். அவர் கையை என் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"பயப்படாதீங்க சார். தண்ணி இடுப்பளவுதாங்க. உழுந்தாலும் நடந்தே ஊட்டுக்குப் போயிரலாம்" என்றேன்.