வளைவில் நின்ற கார்

மொட்டை மாடியில் பேரனின் ரிமோட் கார் கவிழும் சத்தம் கேட்டால் நான் கீழே இறங்கிவிடுகிறேன். திருப்பதியில் ஏதோ பந்தயமாம். ஸ்பிரிங்கை முறுக்குகிறான், தளர்த்துகிறான், மறுபடி ஓட்டுகிறான். அங்கேயே நின்றால் எத்தனை முறை கவிழ்ந்தது என்று எண்ணாமல் இருக்க எனக்கு வராது.

நான் சிறுவனாகப் பாகாலாவில் இருந்தபோது, குவைத்திலிருந்து வந்த மாமாவின் பெட்டியில் அப்படி ஒரு கார் இருந்தது. மாமா அம்மாவின் தம்பி, அங்கே மெக்கானிக். படிப்பதற்காக எங்கள் வீட்டில் விட்டிருந்த மகனுக்கு அதை வாங்கியிருந்தார். அவன் என்னைவிட ஒரு வயது சின்னவன். மாமா வருவதற்குச் சில மாதங்கள் முன்பே, சித்தூர் சாலையில் என் அப்பா ஓட்டிய ஜீப் வளைவில் கவிழ்ந்து, அதிலிருந்த அவன் இறந்துபோயிருந்தான். அவ்வளவு தூரத்தில் தனியாக இருப்பவருக்குச் சாவுச் செய்தியை எழுதக் கூடாதென்று, அவர் வந்து இறங்கும்வரை யாரும் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் அப்படித்தான் செய்வார்கள்.

"அந்த வளைவுல எந்த வண்டியும் கவுறாம நிக்காது" என்று அப்பா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். மாமாவிடமும் சொன்னார். ஜீப்பின் மேலே பாரம் கொஞ்சம்தான் என்றும் சொன்னார்.

மாமா பஸ்ஸேறிப் போய் அந்த இடத்தைப் பார்த்துவிட்டு வந்தார். பிறகு வீட்டெதிரே காலி மனையில் செங்கல் வரிசை வைத்து, சரிவுக்கு மண் அணைத்து, அதே போல ஒரு வளைவு செய்தார். எனக்கு அது பந்தயத் திடல்.

கார் கவிழ்ந்தது. ஸ்பிரிங்கை இறுக்கினார், குதித்துக் கவிழ்ந்தது. தளர்த்தினார், சாய்ந்து கவிழ்ந்தது. ஒவ்வொரு முறையும் வாசற்படியில் நின்ற அப்பாவின் முகம் கொஞ்சம் தெளிந்தது. "நான்தான் சொன்னேனே" என்றார். அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள். இருவரும் போகவில்லை.

எனக்கு எப்போது தருவாய் என்று மாமாவை நச்சரித்துக்கொண்டிருந்தேன்.

"ஒரு தபா கவுறாம போவட்டும், மாப்ள. அப்பறம் உனுக்குத்தான்."

ஷாக் அப்சார்பரில் இருந்த எண்ணெயை வடித்துக் கெட்டியான எண்ணெய் ஊற்றினார். ஸ்பிரிங்கின் வளையங்களைத் திருகிக் காரின் உடம்பைத் தாழ்த்தினார். சாயங்காலம் கார் முழு வேகத்தில் வளைவில் திரும்பிக் கவிழாமல் நின்றது. மறுபடி ஓட்டினார். மறுபடியும் நின்றது.

"அது பொம்மை" என்றார் அப்பா.

மாமா அவரைத் திரும்பிப் பார்த்தார். "ஜீப்பு மேல எத்தினி மூட்டை?"

ஜீப் கவிழ்ந்த அன்று காலை வேர்க்கடலை மூட்டைகளை மேலே ஏற்றியபோது பக்கத்தில் நின்று எண்ணியவன் நான்.

"ஒம்போது" என்றேன்.

மாமா ஒன்பது கல் பொறுக்கித் துணியில் முடிந்து காரின் மேல் கட்டினார். முதல் ஓட்டத்திலேயே கவிழ்ந்தது. முடிச்சை அவிழ்த்துவிட்டு ஓட்டினார். நின்றது. திரும்பக் கட்டவில்லை. ரிமோட்டை என் கையில் வைத்துவிட்டுப் பெட்டியை எடுக்க உள்ளே போனார். அதன்பின் எங்கள் வீட்டுக்கு அவர் வரவே இல்லை.

இருட்டும்வரை நான் காரை ஓட்டினேன். சரியாக எண்ணிச் சொன்னதற்குக் கிடைத்த பரிசு அது என்று நினைத்தேன். ஓட்டிக் காட்டலாம் என்று அப்பாவைக் கூப்பிட்டேன். அவர் வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தார், தலை தூக்கவில்லை. காதில் விழவில்லையோ என்று, இன்னும் சத்தமாகக் கூப்பிட்டேன்.