தாய் இறாலைக் கேட்டுவிட்டார்

அலங்கார இறால் வளர்ப்பதில் பாதி வேலை, அது சமைப்பதற்கில்லை என்று விளக்குவது; மீதிப் பாதி, தொட்டி முன்னால் சும்மா உட்கார்ந்திருப்பது. வளர்க்கிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கல்லூரி முடித்து நாமக்கல்லில் வீட்டோடு இருந்த இரண்டு வருடமும், யாரிடமும் அதிகம் பேசாத எனக்கு அந்த மீதிப் பாதி மிகவும் பிடித்திருந்தது. பத்து செர்ரி இறால்களோடு ஆரம்பித்தேன். வெளிறிய குஞ்சுகளைத் தனி வாளிக்கு மாற்றிக்கொண்டே வந்ததில், தொட்டியில் மாதுளை முத்து நிறத்தில் ஒரு வம்சம் உருவானது. பெருகியதை விற்றேன்.

ஒரு படி

முதலில் பார்க்க வந்தவர் பக்கத்து வீட்டு அக்கா. விரல் நகத்தைவிடக் கொஞ்சம்தான் பெரியவை என் இறால்கள். பாசிக்குள் எதையோ பொறுக்கிப் பொறுக்கி வாயில் வைத்துக்கொண்டிருந்தவற்றை வெகுநேரம் குனிந்து பார்த்தார். இவருக்காவது அழகு புரிந்ததே என்று பூரித்துப்போனேன். நிமிர்ந்தவர் அம்மாவிடம் கேட்டார்:

"ஏனுங்க, இது ஒரு படி சேர எத்தன வருசமாகும்?"

புதுச் சட்டை

திருச்செங்கோட்டில் துணிக்கடையில் வேலை செய்யும் ஒருவர் ஐந்து வாங்கிப் போனார். மூன்றாம் நாள் போன். ஒன்று செத்துவிட்டதாம், கண்ணாடி மாதிரி ஆகிவிட்டதாம். போனில் பேச எனக்கு வராது. 'பிறகு சொல்கிறேன்' என்று வைத்துவிட்டு, இறால் வளர வளரத் தோலைக் கழற்றிப் போடும், அது வெறும் தோல், உள்ளே இருந்தது பாசிக்குள் ஒளிந்திருக்கும் என்று நீளமாக எழுதி அனுப்பினேன். எண்ணிப் பார்த்தார், ஐந்தும் இருந்தன. பதில் குரல் பதிவாக வந்தது:

"அடிக்கடி புதுச் சட்டைங்களா! இப்படி நாலு பேரு எங்க கடைக்கு வந்தாப் போதுமுங்களே!"

பெரிய பெண்

எருமப்பட்டியில் கோழிப்பண்ணை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் வந்தார். முட்டைக்காரர், கண் நேராக முட்டைக்குத்தான் போனது. வாலடியில் கொத்தாக முட்டைகளைச் சுமந்து, கால்களால் விசிறியபடி நின்ற பெரிய பெண் இறாலைக் கேட்டுவிட்டார். தொட்டியில் பாதி அதன் பிள்ளைகள். அத்தனை கருஞ்சிவப்பு வேறொன்றுக்கும் இல்லை. 'இது கொடுப்பதற்கில்லை' என்று சொல்லத்தான் நினைத்தேன். வலையை எடுத்து அதையும், கூட ஒன்பதையும் பிடித்துக் கொடுத்தேன். பையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து அவர் சொன்னார்:

"நம்ம கோழி முட்டைய உட்டுட்டு அது பாட்டுக்குப் போயிருது அம்மிணி. இதப் பாரு, போற எடமெல்லாம் தூக்கிட்டுத் திரியுது!"

செப்புக் குடம்

நாலு மாதம் கழித்து, நல்ல வெயிலில், வேலைக்கான தேர்வுக்காகச் சேலத்தில் சித்தி வீட்டில் மூன்று நாள் தங்கினேன். திரும்பி வந்தபோது தொட்டிக்குள் எதுவும் அசையவில்லை. எல்லாம் வெளுத்து, கூழாங்கற்கள் மேல் ஒருக்களித்துக் கிடந்தன. வாளியிலும் அப்படித்தான்.

தண்ணீர் வற்றுகிறதே என்று அம்மா தினமும் நிரப்பியிருக்கிறாள். புளி போட்டுப் பளபளவென்று துலக்கிய செப்புக் குடத்தில் ஊறிய தண்ணீர், உடம்புக்கு நல்லதென்று எனக்காகவே வைப்பது. செம்பு இறாலுக்கு விஷம் என்று எனக்குத் தெரியும், அம்மாவிடம் சொன்னதில்லை. குடத்தை இடுப்பிலிருந்து இறக்காமலே நின்றாள்.

"நீ குடிக்கிற தண்ணியத்தானே சாமி ஊத்துனேன்."

தூக்குப்போசி

நான் யாரிடமும் சொல்லவில்லை. அம்மாதான் என் போனில் எண்ணைத் தேடி எருமப்பட்டிக்குப் பேசியிருக்கிறாள். அந்த ஞாயிற்றுக்கிழமை பெரியவர் தூக்குப்போசியோடு வந்து இறங்கினார். அம்மா வாசலிலேயே மறித்து, "எவர்சில்வர்தானுங்களே?" என்று தட்டிப் பார்த்த பிறகுதான் உள்ளே விட்டாள்.

மூடியைத் திறந்தால் இருபது குட்டிகள், அதே கருஞ்சிவப்பில். நான் இரண்டு முறை எண்ணிப் பார்த்தேன். எண்ணி முடிக்கும் வரை காத்திருந்து அவர் சொன்னார்:

"அன்னிக்கே உம் மூஞ்சி சுருங்குச்சு அம்மிணி. நாந்தேன் பாக்காத மாதிரி வாங்கிட்டுப் போயிட்டேன். இந்தா, அதோட புள்ளைங்க."

இப்போது வேலைக்காக வந்திருக்கும் சேலத்தில் என் அறை மேசைமேல் பாசி மேயும் அந்தக் கூட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம், அன்றைக்கு 'இல்லை' என்று சொல்ல எனக்குத் தைரியம் வராமல் போனதுதான் நான் வியாபாரத்தில் செய்த ஒரே புத்திசாலித்தனம் என்று நினைத்துக்கொள்கிறேன்.