சத்தம் வராத கீபோர்டு

ஆவடி தொழிற்சாலைக் குடியிருப்பில் ஜெயசீலிக்கு இரண்டே அறை வீடு. கணவர் எட்மண்ட் நைட் ஷிப்ட் முடிந்து வந்து பகலெல்லாம் தூங்குவார். ஒரு தம்ளர் விழுந்தாலும் எழுந்து கத்துவார். மாதா கோயிலில் ஆர்கன் வாசித்த அவள் கை கல்யாணத்துக்குப் பிறகு ஒன்பது வருஷம் சும்மா கிடந்தது.

தொண்ணூற்றேழில் மஸ்கட்டுக்குக் கிளம்பிய தம்பி பாஸ்கல், தன் கம்ப்யூட்டரை அவளிடம் விட்டுப்போனான். வாசிப்பதைப் பதிந்து, வாத்தியங்களை ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்க்கும் மென்பொருள் அதில் இருந்தது. வாசிக்க இசைக் கீபோர்டு மட்டும் இல்லை.

அதை வாங்கப் போன இசைக்கருவிக் கடையில், கடைக்காரர் தாளமும் ஸ்பீக்கரும் உள்ள பெரிய கீபோர்டை வாசித்துக் காட்டினார். ஜெயசீலி மூலையில் கிடந்த மெல்லிய கீபோர்டைக் கேட்டாள்.

"அது வேணாம்மா. தனியா வாசிச்சா சத்தமே வராது. கம்ப்யூட்டர்ல சேத்தாதான் கேக்கும்."

"ஹெட்போன்ல கேக்குமா?"

"கேக்கும். ஆனா உங்களுக்கு மட்டும்தான்."

"அதையே குடுங்க."

அன்றிலிருந்து மதியங்களில் வயலினும் குழலும் பாடகர் குழுவும் அவள் காதுக்குள் நிறைந்தன. பக்கத்து அறைக்குக் கட்டைகள் தட்டுப்படும் ஓசைகூடப் போகவில்லை. ஈஸ்டருக்காக ஒரு பாட்டை முடித்த அன்று எட்மண்ட் பின்னால் வந்து நின்றார்.

"இன்னா பண்ணிகினு கீற?"

அவள் ஹெட்போனை அவர் தலையில் மாட்டினாள். அவர் கால் நிமிஷம் கேட்டார்.

"நல்லாத்தான் கீது. கோயில்ல போட்டுக் காட்டாத, நாலு பேர் நாலு விதமா பேசுவாங்க. டீ போடு."

டீ போட்டாள். அதன்பிறகு இன்னும் பதினோரு பாட்டுகள் செய்தாள். அவற்றை அவளைத் தவிர யாரும் கேட்டதில்லை.