இருநூறு காய்: கெடிலத்து மணல் படுகையில் ஒரு பங்குனிக் காலை

பங்குனி வெயிலில் யாராவது ஊர் சுற்றக் கிளம்புவார்களா என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் அதையேதான் என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். ஆனால் மல்லாட்டை நம் சௌகரியத்தைப் பார்த்து முற்றுவதில்லை. மல்லாட்டை என்றால் வேறொன்றுமில்லை, நிலக்கடலைதான். கடலூர், விழுப்புரம் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். மார்கழி தொடக்கத்தில் விதைத்தது, பங்குனி மூன்றாம் ஞாயிறு பிடுங்க வேண்டும் என்று ஆகிவிட்டது. கிளம்பிவிட்டோம்.

இது வழக்கமான சுற்றுலா இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டுக்காரர் நெய்வேலி மைன்ஸில், நிலக்கரிச் சுரங்கத்தில், நிலத்தடி நீர் பிரிவில் வேலை பார்க்கிறார். வரும் மே மாதம் ஓய்வு. ஓய்வு என்றால் குவார்ட்டர்ஸையும் காலி செய்ய வேண்டும். இருபத்திரண்டு வருடம் குடியிருந்த வீடு. அதற்குப் பிறகு எங்கே போவது என்பதில்தான் எங்கள் வீட்டில் ஆறு மாதமாகச் சண்டை. எனக்கு என் அக்கா இருக்கிற கோவில்பட்டிப் பக்கம் போக ஆசை. அவருக்கு இந்தப் பக்கத்தை விட்டு நகர மனமில்லை. திருவதிகைக்கு அப்பால், கெடிலம் ஆற்றங்கரையில், அஞ்சலை என்கிற அம்மாவின் எழுபது சென்ட் நிலத்தை ஒரு போகத்துக்குக் குத்தகைக்கு எடுத்து மல்லாட்டை போட்டார். பிடித்துப்போனால் அதையே வாங்கி, ஓரமாக வீடு கட்டிக்கொள்ளலாம் என்பது அவர் திட்டம்.

நான் கரிசல் காட்டில் பிறந்தவள். மழை பெய்தால் காலோடு ஒரு படி மண் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள் வரும். மண் என்றால் எனக்கு அதுதான் மண். மணலில் என்ன விளையும் என்று நான்கு மாதமும் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. கடைசியில் ஒரு பந்தயத்துக்கு ஒப்புக்கொண்டேன். நான் கை வைக்கும் பத்துச் செடியில் இருநூறு காய் இருந்தால் இங்கேயே இருந்துவிடலாம். ஒன்று குறைந்தாலும் கோவில்பட்டி. அவர் ஒரு நிமிடம் யோசித்துவிட்டுச் சரி என்றார். அந்த ஒரு நிமிடம் எனக்குக் கொஞ்சம் பாவமாக இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

ஸ்கூட்டரில் காலை 5.40க்குக் கிளம்பினோம். நெய்வேலி டவுன்ஷிப்பின் ஆர்ச் கேட்டைத் தாண்டி நெடுஞ்சாலையில் ஏறும்போது மணி 5.55. காடாம்புலியூரில் நிறுத்தி டீ குடித்தோம், ஒன்று 12 ரூபாய், இஞ்சி தாராளம். சாலை நெடுக இரண்டு பக்கமும் முந்திரித் தோப்பு, நடுநடுவே பலா. பங்குனியில் பலா இன்னும் பிஞ்சுதான், பழத்துக்காக வருபவர்கள் சித்திரை கடந்து வாருங்கள். இது வரைக்கும் செம்மண். பண்ருட்டியைத் தாண்டி ஆற்றை நெருங்க நெருங்க மண்ணின் நிறம் வெளுத்துக்கொண்டே போகும். உட்கார்ந்தபடியே பார்க்கலாம். திருவதிகையில் பெரிய சிவன் கோயில் இருக்கிறது, 7.05க்குப் போய் ஒரு கும்பிடு போட்டேன். என்ன வேண்டிக்கொண்டாய் என்று அவர் கேட்டார். சொல்லவில்லை.

கோயிலிலிருந்து வயலுக்கு ஒன்றரை கிலோமீட்டர். கடைசி நானூறு மீட்டரில் ஸ்கூட்டர் சக்கரம் மணலில் புதைந்துவிட்டது. இறங்கித் தள்ளினோம். பார்த்தீர்களா, இங்கேயா வீடு கட்டப் போகிறீர்கள் என்று நான் ஆரம்பித்தேன். அவர் காதில் விழாதது போலத் தள்ளினார். வீட்டிலிருந்து வயல் வரை எங்கள் மீட்டர்படி 27 கிலோமீட்டர்.

அஞ்சலையம்மா வரப்பிலேயே காத்திருந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும், பேச்சில் வேகம். பக்கத்து வயலும் அவருடையதுதான், இதை மட்டும்தான் விற்கிறார். நான் டீச்சர் வேலை பார்த்ததை இவர் சொல்லியிருப்பார் போல, என்னைப் பார்த்ததும் டீச்சரம்மா என்று கையைப் பிடித்து, பிடுங்குவதற்கு முன்னால் ஆற்றைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று கூட்டிப்போனார். போனது நல்லதாகப் போயிற்று.

கெடிலம் இந்த மாதத்தில் ஆறு என்று சொல்லும்படி இல்லை, அங்கங்கே குட்டைதான். ஆற்று மட்டத்திலிருந்து கரை இரண்டு படிகளாக ஏறுகிறது. கீழ்ப்படியில் நாணலும் கீரைப் பாத்தியும். பெருவெள்ளம் வந்தால் அது முங்கும். மேல்படி அதைவிட இரண்டு ஆள் உயரம். அதில்தான் எங்கள் மல்லாட்டை. ஒரு காலத்தில் ஆறு அந்த உயரத்தில் ஓடி, வருடா வருடம் மணலைக் கொண்டுவந்து அடுக்கிவிட்டு, பிறகு தன்னையே கீழே அறுத்துக்கொண்டு இறங்கிவிட்டதாம். ஒரு இடத்தில் கரை சரிந்து, மேல்படியின் வயிறு வெட்டினாற்போல் தெரிந்தது. ஏழு அடிக்கு ஒரே மாதிரி இளமஞ்சள் மணல். ஒரு கல் இல்லை, களி இல்லை. ஒரு வேப்பமரத்தின் வேர் எங்கேயும் முட்டிக்கொள்ளாமல் நேராக இறங்கியிருந்தது. எங்கள் ஊரில் வேருக்கு இந்தச் சுதந்திரம் கிடையாது, கோடையில் கரிசல் வெடித்து வேரையே அறுத்துவிடும். அதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை, பந்தயம் இருக்கிறதே.

திரும்பி வரும்போது அஞ்சலையம்மா தானாகவே சிரிக்க ஆரம்பித்தார். நான் ஏன் என்று கேட்டதும் வீட்டுக்காரர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும்.

விஷயம் இதுதான். இவருக்கு முப்பது வருடமாக ஒரே வேலை, தண்ணீரை வெளியே தள்ளுவது. மைன்ஸில் நிலக்கரிக்கு அடியில் இருக்கிற மணலில் தண்ணீர் முட்டிக்கொண்டு நிற்கும். ராத்திரி பகலாகப் பம்பு ஓடினால்தான் மேலே மெஷின் ஓடும். அந்தப் பழக்கத்தில், விதை போட்ட கையோடு ஆள் வைத்து வயலின் நான்கு பக்கமும் முழங்கால் ஆழத்துக்கு வடிகால் வெட்டியிருக்கிறார். நடுவிலும் ஒன்று. மணல் படுகையில் போய் வடிகால். நம் வீட்டுச் சல்லடைக்கு ஓட்டை போட்டது போல.

அஞ்சலையம்மா சொன்னதை அப்படியே தருகிறேன்: "நான் ஒரு கொடம் தண்ணிய ஊத்திக் காட்டனேன் டீச்சரம்மா. பத்து எண்றதுக்குள்ள காணோம். இங்க தண்ணி போவறதுக்கு வழி எதுக்குங்க சாரு, நிக்கறதுக்குதான் வழி வேணும்னேன். மனுசன் பள்ளத்தையே பாத்துகினு நின்னாரு."

இரண்டு வாரம் கழித்து எல்லாப் பள்ளத்தையும் மூடி, அதன்மேலும் விதை ஊன்றியிருக்கிறார். அதற்குள் ஓரத்து மணல் சரிந்து, காய்ந்து, ஓரச் செடிகள் எல்லாம் கூனிவிட்டன. இந்த மண்ணுக்குத் தண்ணீரும் உரமும் ஒரேயடியாகக் கொடுத்தால் நிற்காது, கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கொடுக்க வேண்டும், கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கிற மாதிரி என்று அஞ்சலையம்மாதான் பிறகு வழிக்குக் கொண்டுவந்திருக்கிறார். இதில் ஒரு வார்த்தையாவது வீட்டில் சொன்னாரா என்றால் இல்லை.

எனக்கு வெற்றி கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. நேராக ஓரத்துக்குப் போனேன். முதல் நான்கு செடியும் கூனல் செடிதான். 7, 9, 6, 11. மொத்தம் 33. வீட்டுக்காரர் வரப்பில் உட்கார்ந்து செருப்பைத் தட்டிக்கொண்டிருந்தார்.

ஆனால் பிடுங்கும்போதே ஒன்று கவனித்தேன். கரிசலில் கடலை பிடுங்குவது மல்லுக்கட்டு. மண் இறுகினால் செடி கையோடு வரும், காய் உள்ளேயே நின்றுவிடும், அப்புறம் கொத்திக் கொத்தி எடுக்க வேண்டும். இங்கே இரண்டு விரலால் இழுத்தேன், வேரோடு, காயோடு, விழுதோடு முழுசாக வந்தது. ஒரு உதறு உதறினால் மண் கொட்டிவிடுகிறது. காய் ஒவ்வொன்றும் கழுவி வைத்ததைப்போலச் சுத்தம். ஐந்தாவது செடிக்குப் போகும்போது ஓரத்தை விட்டு இரண்டு பாத்தி உள்ளே தள்ளிப் போயிருந்தேன். யாரும் சொல்லவில்லை, என் கால்தான் போயிற்று. 22, 19, 24. ஆக 98.

எட்டாவது செடிக்கு நடுவரிசைக்கே போய்விட்டேன். அந்த ஒரு வரிசை மட்டும் கரும்பச்சையாக, அடர்ந்து, ஒன்றையொன்று கட்டிக்கொண்டு நின்றது. மூடிய நடுவாய்க்கால் அது. பிடுங்கினால் கொத்துக் கொத்தாக. 29. அடுத்தது 38. வீட்டுக்காரர் எழுந்து நின்றுவிட்டார். பத்தாவது 33.

அஞ்சலையம்மா விரல்விட்டுக் கூட்டினார். நான் மனதுக்குள் கூட்டினேன். 198.

இரண்டு குறைகிறது. பந்தயப்படி நான் ஜெயித்துவிட்டேன். சந்தோஷப்பட வேண்டியதுதானே? முடியவில்லை. அவர் பரவாயில்லை என்பது போலத் தலையாட்டிவிட்டு ஆற்றுப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் அப்படியே மண்டிபோட்டு, செடி பிடுங்கிய குழிக்குள் கையை விட்டேன். எப்போதும் ஒன்றிரண்டு காய் உள்ளே தங்கியிருக்கும். முழங்கை வரை போயிற்று. ஒரு காய் அகப்பட்டது. 199. இன்னும் துழாவினேன். கெட்டியாக ஒன்று மாட்டியது. எடுத்துப் பார்த்தால் நீல நிறத் துணிக் கிளிப்.

அந்தக் கிளிப்பை எனக்குத் தெரியும். நான் டஜனாக வாங்கிய பன்னிரண்டில் ஒன்று, ஒரு காது உடைந்து நான் தையல் நூல் சுற்றி வைத்திருந்த என் கிளிப். எங்கள் குவார்ட்டர்ஸ் பின்பக்கக் கொடியிலிருந்து எப்போதோ காணாமல் போனது. கையோடு வந்த மண்ணைப் பார்த்தேன். மணல் இல்லை, கறுப்பாக, பொலபொலவென்று மட்கிய சருகு. மாவும் பலாவும் கொட்டிய இலையை, அந்தக் கொடிக்கு அடியிலேயே இருபத்திரண்டு வருடமாக நான் சேர்த்து வைத்த குப்பைக்குழியின் மண். தை மாதம் அந்தக் குழி பாதி காலியாகக் கிடந்தபோது, அடுத்த குவார்ட்டர்ஸில் ரோஜா வளர்க்கிற அம்மாதான் அள்ளிக்கொண்டு போனாள் என்று முடிவு செய்து, இரண்டு மாதமாக நான் அவளோடு பேசுவதில்லை.

"எத்தனை மூட்டை?" என்று கேட்டேன்.

"பதினாலு. ஷிப்ட் முடிஞ்சு வர்றப்போ ஒண்ணொண்ணா. கேட்டா நீ தரமாட்டே" என்றார், ஆற்றைப் பார்த்தபடியே.

அஞ்சலையம்மா சொன்னார்: "மைன்ஸ்காரரு மண்ணத் தோண்டி எடுத்துகினு போறவருன்னுதான் நெனச்சினிருந்தேன். இவரு என்னாடான்னா மூட்டை மூட்டையா கொண்டாந்து கொட்னாரு."

"199 காய், ஒரு கிளிப். இருநூறு" என்றேன். வீட்டுக்காரர் திரும்பினார். அவர் சிரித்து அழுததை நான் எழுதமாட்டேன், அவரும் இதைப் படிப்பார். அஞ்சலையம்மா அங்கேயே சுள்ளி மூட்டி, உப்புத் தண்ணீரில் மல்லாட்டை அவித்துக் கொடுத்தார். அந்த ருசிக்கு இன்னொரு பதினாலு மூட்டை கொடுக்கலாம்.

போக நினைப்பவர்களுக்கு: விடியலில் கிளம்புங்கள், பத்து மணிக்கு மேல் மணலில் கால் வைக்க முடியாது. நெய்வேலியிலிருந்து பண்ருட்டிக்குப் பேருந்து அடிக்கடி உண்டு, அங்கிருந்து திருவதிகைக்கு ஷேர் ஆட்டோ. எங்களுக்குப் போக வரப் பெட்ரோல், டீ, டிபன் எல்லாம் சேர்த்து 310 ரூபாய் ஆனது. ஆற்றங்கரை வயல்கள் எல்லாம் ஆட்கள் பயிர் வைத்திருக்கிறவை, கேட்காமல் இறங்காதீர்கள். நிலம் வாங்குகிற எண்ணத்தில் போனால், கரை சரிந்த இடத்தில் மண்ணின் ஆழத்தைப் பாருங்கள், ஒரு குடம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். வேர் இறங்கும், அழுகாது, உழவு சுலபம், அறுவடை அதைவிடச் சுலபம். ஆனால் மணல் எதையும் பிடித்து வைத்துக்கொள்ளாது. அதற்கு மட்கிய குப்பை வேண்டும். யாருடைய குப்பை என்று கேட்டுவிட்டு அள்ளுங்கள்.

ஊருக்குத் திரும்பியதும் முதல் வேலையாக அரைப்படி மல்லாட்டையோடு ரோஜாக்கார அம்மா வீட்டுக் கதவைத் தட்டினேன். அக்காவுக்கும் போன் செய்து, கோவில்பட்டிக்கு விருந்தாளியாக மட்டும்தான் வருவேன் என்று சொல்லிவிட்டேன். அந்த நீலக் கிளிப்பை வயல் வேலிக் கம்பியிலேயே மாட்டிவிட்டு வந்திருக்கிறேன். மற்ற பதினொன்றும் மே மாதம் போய்ச் சேரும்.